எஞ்சினைத் திறக்குமுன்: பழைய காரின் அமுக்கக் குறையை அறிவது எப்படி?



மொறிஸ் மைனர் கார் 1948 ஆம் ஆண்டில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1971 ஆம் ஆண்டுடன் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் நமது நாட்டில் அதுவும் அதன் உறவுக் கார்களான ஒஸ்ரின் வகைகளும் இன்றும் வீதியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டு இடைக்காலத்தில், கொட்டிலின் மூலையிற் சாக்குப் போர்த்திக் கிடந்த பழைய கார்கள் பலவும் மீண்டும் துடைத்தெடுக்கப்பட்டு வேலைக்கு வந்தன. பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோவதும், வயோதிபரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும், வாடகைக்கு ஓடி ஒரு குடும்பத்துக்குச் சோறிடுவதும் அவைதாம்.

இத்தகைய கார் ஒன்று ஒருநாள் மெல்ல மெல்லச் சோர்வடைகின்றது. காலையில் நெடுநேரம் ஸ்ராட்டரை அழுத்தினாலன்றி உயிர்பெற மறுக்கின்றது. நிற்கும்போது எஞ்சின் நடுங்குகின்றது. முன்பு மூன்றாம் கியரில் ஏறிய ஏற்றத்தில் இப்போது இரண்டாம் கியரிலும் முனகுகின்றது. கடுகண்ணாவை ஏற்றத்திலோ றம்பொடை ஏற்றத்திலோ இக்குறை உடனே வெளிப்பட்டுவிடும். மலையே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ அது மாதக் கணக்காக மறைந்திருந்து, நான்குபேரை ஏற்றிக்கொண்டு லொறி ஒன்றை முந்த முனையும் வேளையிற் காலைவாரிவிடும்.

காரைக் கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு இதுதான்: “கொம்பிறஷன் இல்லை ஐயா, எஞ்சினை இறக்கவேண்டும்.” எஞ்சினை இறக்குவது என்றால், சிலிண்டர்களை லேத் பட்டறையிற் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்டன் தேடி, கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஏறியிறங்கி, பல வாரம் கார் இல்லாமல் இருப்பது என்று பொருள். அதற்கு ஆகும் பணம் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். சில குடும்பங்கள் அந்தத் தொகையைக் கேட்டுத் திகைத்து, வந்த விலைக்குக் காரை விற்றுவிடுவதும் உண்டு.

அமுக்கம் குறைந்திருக்கின்றது என்ற தீர்ப்புப் பலமுறை உண்மையாகவே இருக்கும். ஆனால் அமுக்கக் குறை என்பது காய்ச்சல் என்பதைப் போன்றது. அது நோயின் அடையாளம். நோயின் பெயர் அன்று. தடிமனாலும் காய்ச்சல் வரும், நெருப்புக் காய்ச்சலாலும் வரும். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. எஞ்சினின் காற்று எவ்வழியாகக் கசிகின்றது என்பதை, எஞ்சினைத் திறக்காமலே, ஒரு காலைப் பொழுதில் அறிந்துவிடலாம். அதை அறிந்த பிறகு பணப்பையைத் திறப்பதே முறை.

அமுக்கம் என்பது யாது?

நான்கு வீச்சு எஞ்சின் என்னும் முறையை ஜேர்மனியரான நிக்கொலாஸ் ஒட்டோ 1876 ஆம் ஆண்டிற் செயற்படுத்தினார். இன்றும் பெற்றோல் எஞ்சின்கள் பெரும்பாலும் அம்முறையிலேயே இயங்குகின்றன. பிஸ்டன் முதலிற் கீழிறங்கிப் பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சும். இரண்டாவதாக மேலெழுந்து அதனை நெருக்கும். மூன்றாவதாக, பிளக்கிற் பொறி பறந்து கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். நான்காவதாகப் பிஸ்டன் மீண்டும் எழுந்து புகையை வெளியேற்றும். இவற்றுள் இரண்டாவது வீச்சே நாம் இன்று பேசும் அமுக்கம்.

1956 ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 காரின் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் அளவுடையது. ஒரு சிலிண்டருக்கு 237. அதன் நெருக்கல் விகிதம் சாதாரண வகையில் 8.3 க்கு 1. பிஸ்டன் கீழே நிற்கும்போது உள்ள இடம், அது உச்சிக்கு வரும்போது எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்குகின்றது என்பது இதன் பொருள். அவ்விடத்தில் நெருக்குண்ட கலவை சூடேறி, விரைவாகவும் முழுமையாகவும் எரிகின்றது. நெருக்கம் குறைந்தால் எரிவு மந்தமாகும், வலு குறையும், எரியாத பெற்றோல் புகையோடு வீணே போகும். 2008 ஆம் ஆண்டில் நமது நாட்டில் ஆரம்பிக்கப்பட்ட வாகனப் புகைப் பரிசோதனையிற் பழைய கார்கள் தவறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றுக்கு உள்ள வழிகள்

சிலிண்டரை மூடிய செம்பு ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். அதிலிருந்து காற்றுத் தப்புவதற்கு மூன்று வழிகளே முக்கியமானவை.

ஒன்று, வால்வுகள். உள்ளிழுக்கும் வால்வோ புகை வால்வோ தன் இருக்கையிற் சரியாகப் படியாவிட்டால் காற்று அவ்வழியே ஓடிவிடும்.

இரண்டு, பிஸ்டன் றிங்குகள். றிங்கோ சிலிண்டர்ச் சுவரோ தேய்ந்திருந்தால் காற்றுக் கீழே ஒயில் தொட்டிக்குள் இறங்கும்.

மூன்று, ஹெட் கஸ்கெற். சிலிண்டர்த் தலைக்கும் அடிக்கட்டைக்கும் இடையிலுள்ள இந்தத் தகடு கருகிப் பிளந்தால், காற்று அடுத்த சிலிண்டருக்கோ தண்ணீர் வழிக்கோ போகும்.

தலையோ கட்டையோ வெடிப்பது, பிஸ்டனில் ஓட்டை விழுவது போன்றவை அரிதாகவே நேர்வன. இம்மூன்று வழிகளுள் றிங்கு தேய்வது ஒன்றுதான் எஞ்சினை முழுமையாக இறக்கவேண்டிய வேலை. மற்ற இரண்டுக்கும் தலையை மட்டும் கழற்றினாற் போதும். எஞ்சின் காரிலேயே இருக்கலாம். செலவில் உள்ள வேற்றுமையை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் வால்வு இடைவெளி

கருவி எதனையும் வாங்குமுன் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்ப்பது நல்லது. றொக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருத்தல் வேண்டும். மொறிஸ் மைனர் 1000 எஞ்சினுக்கு, அது குளிர்ந்திருக்கையில், இவ்விடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. வேறு எஞ்சினாயின் அதற்குரிய கைந்நூலிற் கூறியபடி கொள்க. இடைவெளி அறவே இல்லாமற் போனால், வால்வு முழுதாக மூடாமற் சிறிது திறந்தபடியே நிற்கும். வால்வும் றிங்கும் குற்றமற்றிருந்தும் அமுக்கம் குறைந்துபோகும்.

இது பழைய கார்களுக்கு இப்போது கூடுதலாக நேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1921 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கண்டறியப்பட்டது முதல், எஞ்சின் தட்டுவதைத் தடுக்கப் பெற்றோலில் ஈயச் சேர்வை ஒன்று கலக்கப்பட்டு வந்தது. அது மனிதருக்கு, சிறப்பாகக் குழந்தைகளின் மூளைக்கு, நஞ்சு. ஆகவே இலங்கையில் 2002 ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் உலகின் கடைசி நாடும் கார்ப் பெற்றோலில் அதனைக் கைவிட்டது. அது நன்மையே. ஆயினும் அந்த ஈயம், மெதுவான வார்ப்பிரும்பில் அமைந்த வால்வு இருக்கைகளின்மேல் ஒரு படலமாகப் படிந்து அவற்றைக் காத்தும் வந்தது. அப்படலம் இல்லாதபோது புகை வால்வு தன் இருக்கையைச் சிறிது சிறிதாக அரித்து உள்ளே அமிழ்கின்றது. அமிழ அமிழ வால்வுத் தண்டு மேலெழுகின்றது, இடைவெளி சுருங்குகின்றது. இடைவெளியை அடிக்கடி பார்த்துவராத காரில், முடிவில் வால்வு மூடாத நிலை வந்து, சூடான வாயு அதன் விளிம்பைக் கருக்கிவிடும்.

சரிபார்க்கும் முறை எளிது. றேடியேற்றர்ப் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். எஞ்சினைக் கையாற் சுழற்றி 8 ஆம் வால்வு முழுதாக அமுங்கியிருக்கையில் 1 ஆம் வால்வை அளக்கவேண்டும். 7 அமுங்கியிருக்கையில் 2. 6 அமுங்கியிருக்கையில் 3. இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 9 வரும். பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டு அளவியை இடைவெளியில் நுழைத்தால், அது சிறிது இழுபட்டு வரவேண்டும். இவ்வொரு மணி நேர வேலையாற் சோர்வு நீங்கிய கார்கள் உண்டு.

கையே முதற் கருவி

ஸ்ராட்டிங் ஹாண்டில் பூட்டக்கூடிய பழைய கார்களுக்கு ஒரு வசதி உண்டு. அந்த ஹாண்டிலே ஒரு சோதனைக் கருவியாகும். சாவியை அணைத்து, கியரை நடுவில் விட்டு, கைப் பிறேக்கை இழுத்துவிட்டு, ஹாண்டிலை மெதுவாகச் சுழற்றுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் நெருக்கும். நான்கு தடவையும் கைக்கு ஒரே அளவு எதிர்ப்புத் தோன்றவேண்டும். மூன்று முறை தடுத்து நான்காம் முறை வழுக்கிக்கொண்டு போனால், ஒரு சிலிண்டரிற் குறை இருக்கின்றது. எது என்பதை அறிய, மூன்று பிளக்குகளைக் கழற்றி ஒன்றை மட்டும் பூட்டியபடி சுழற்றிப் பார்க்கலாம். அவ்வாறே ஒவ்வொன்றாகச் செய்க.

ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும். பெருவிரலை மறுபக்கம் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் பின்னோக்கி உதைக்கும்போது விரலோ மணிக்கட்டோ முறிந்துபோகும். கீழிருந்து மேலாக இழுக்கவேண்டுமேயன்றி, மேலிருந்து அழுத்தித் தள்ளலாகாது.

அமுக்கமானியின் சாட்சி

கை உணர்த்துவதை எண்ணாற் காட்டுவது அமுக்கமானி. இதனை வாங்குவதற்கு ஆகும் செலவு பெரிதன்று. அயலவர் சிலர் சேர்ந்து ஒன்றை வாங்கிவைத்துக்கொள்ளலும் ஆகும். சோதனையின் ஒழுங்கு பின்வருமாறு.

எஞ்சினைச் சிறிது ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிளக்குகளைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துப்புரவாக்கிய பின், நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். பொறி பறவாதபடி கொயிலுக்குப் போகும் கம்பியை நீக்கிவிடுங்கள். அருகிற் சுருட்டோ விளக்கோ இருத்தல் ஆகாது. பெற்றோல் ஆவி வெளிவரும். மானியை ஒரு பிளக்குத் துளையிற் பூட்டி, வேறொருவரைக் காரினுள் இருத்தி, அக்சிலரேற்றரை அடிவரை மிதித்தபடி ஸ்ராட்டரை அழுத்தச் சொல்லுங்கள். சோக் உள்ளே தள்ளப்பட்டிருக்கவேண்டும். ஆறு அல்லது எட்டு நெருக்கம் போதும். முள் நின்ற எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த சிலிண்டருக்குப் போகவேண்டும். நான்கும் முடிந்தபின் மறுமுறையும் செய்து ஒப்பிடுங்கள்.

அக்சிலரேற்றரை மிதிக்க மறந்தாற் காற்று உள்ளே போக வழியிராது. நான்கு சிலிண்டரும் நோயாளிபோற் காட்டும். பற்றறி சோர்ந்து எஞ்சின் மெதுவாகச் சுழன்றாலும் அவ்வாறே. நான்கு எண்களும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால், எஞ்சினைக் குறைகூறுமுன் இவ்விரண்டையும் பார்க்கவேண்டும். அவை சரியாக இருப்பின், வால்வுகளை ஓட்டும் சங்கிலி பல் தாண்டியிருத்தலும் கூடும்.

முள் ஏறும் விதமும் ஒரு செய்தி கூறும். முதல் நெருக்கத்திற் குறைந்த எண் காட்டிப் பின் படிப்படியாக ஏறினால், றிங்கு தேய்ந்திருக்கலாம். முதலிலும் குறைவு, பின்னும் ஏறுவதில்லை என்றால், வால்வையோ கஸ்கெற்றையோ ஐயுறவேண்டும்.

எண்களை வாசித்தல்

நல்ல நிலையிலுள்ள இத்தகைய எஞ்சின் சதுர அங்குலத்துக்கு 140, 150 இறாத்தல் அளவிற் காட்டலாம். நெருக்கல் விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் இதனிலும் குறைவாகவே காட்டும். மானிக்கு மானியும் சிறிது வேறுபடும். இடமும் வேறுபாடு செய்யும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அமுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 150 காட்டும் எஞ்சின் அங்கே 120 அளவுதான் காட்டும். அதனைக் கண்டு எஞ்சின் தேய்ந்தது என்று மலையகத்து அன்பர் எவரும் மனம் தளரவேண்டியதில்லை.

ஆகவே எண் எவ்வளவு என்பதிலும், நான்கு எண்களும் தம்முள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதே முக்கியம். மிகக் குறைந்த எண் மிகக் கூடிய எண்ணின் முக்காற் பங்குக்குக் கீழே இறங்கினாற் கவனிக்கவேண்டும் என்பது மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் ஒரு பொதுக் கணக்கு.

மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். கடல்மட்டத்தில் எடுத்த எண்கள் 140, 145, 80, 140 என்று இருந்தால், மூன்றாம் சிலிண்டரில் மட்டும் கசிவு, பெரும்பாலும் வால்வு. 145, 70, 65, 140 என்று அடுத்தடுத்த இரண்டும் ஒருங்கே வீழ்ந்திருந்தால், அவற்றின் இடையே கஸ்கெற் பிளந்திருக்கலாம். 95, 90, 100, 95 என்று நான்கும் ஒத்துத் தாழ்ந்திருந்தால், வயதின் தேய்வு, றிங்குகளை நினைக்கவேண்டும்.

மொறிஸ் மைனர் 1000 எஞ்சினில் நடுச் சிலிண்டர்கள் இரண்டும் கூடுதலாகத் துன்புறுவதற்கு அதன் அமைப்பே காரணம். 2 ஆம், 3 ஆம் சிலிண்டர்களின் புகை வால்வுகள் பக்கத்துப் பக்கத்தே அமைந்து, ஒரே வாயில் வழியாகப் புகையை விடுகின்றன. தலையின் நடுப்பகுதி அதனால் மிகுதியாகச் சூடேறும். வால்வு கருகுவதும் கஸ்கெற் பிளப்பதும் அவ்விடத்தில் நேர்வது வியப்பன்று.

ஒரு தேக்கரண்டி ஒயில்

ஐயம் தீர்க்கும் அடுத்த சோதனைக்கு ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலே போதும். குறைந்த எண் காட்டிய சிலிண்டரின் பிளக்குத் துளை வழியாக அதனை ஊற்றி, எஞ்சினைச் சில சுற்றுச் சுழற்றிவிட்டு, மறுபடியும் அளக்கவேண்டும். ஒயில் பிஸ்டனைச் சுற்றிப் படிந்து றிங்கின் இடுக்குகளைச் சிறிது நேரம் அடைக்கும். வால்வை அடைக்க அதனால் இயலாது. எனவே 90 காட்டியது 130 ஆக உயர்ந்தால், காற்று றிங்கின் வழியே போகின்றது. 80 காட்டியது 85 அளவில் நின்றால், வால்வோ கஸ்கெற்றோ. கரண்டிக் கணக்கை மீறி ஊற்றலாகாது. மிகுந்த ஒயில் உள்ளிருக்கும் இடத்தையே குறைத்துப் பொய்யான எண்ணைக் காட்டும்.

வடபகுதிக் கார்களைப் பார்ப்போர் ஒரு சரித்திரத்தையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1990 களிற் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம்மவர். நோயாளரை ஏற்றிச் சென்றதும் இடம்பெயர்ந்தோரின் மூட்டைகளைச் சுமந்ததும் அந்தக் கார்களே. நெருக்கல் விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களாய் இருந்தமையாலேயே அவை அதனைத் தாங்கின. ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே தொட்டியில் இறங்கி, அங்குள்ள ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். அக்காலத்தில் ஓடி, பின் சிலிண்டர் கடையப்படாத காரில் நான்கு எண்களும் ஒத்துத் தாழ்ந்திருந்தால், அது அந்தச் சேவையின் தழும்பாகவும் இருக்கலாம்.

காதால் அறிதல்

இன்னும் தெளிவு வேண்டுமாயின், ரயருக்குக் காற்றடிக்கும் யந்திரம் உள்ள ஓரிடத்தில் இச்சோதனையைச் செய்விக்கலாம். எஞ்சின் ஆறியபின் றேடியேற்றர் மூடியைக் கழற்றவேண்டும்; சூட்டோடு திறந்தாற் கொதிநீர் முகத்திற் பாயும். குறையுள்ள சிலிண்டரின் பிஸ்டன் நெருக்கல் வீச்சின் உச்சியில் நிற்கவேண்டும். அப்போது அதன் இரு வால்வுகளும் மூடியிருக்கும். பிளக்குத் துளையில் ஒரு குழாயைப் பூட்டி, காற்றை முதலிற் குறைந்த அளவில் விடவேண்டும். காற்றின் விசையால் எஞ்சின் சுழன்றுவிடக்கூடும். ஆகையால் ஸ்ராட்டிங் ஹாண்டிலைக் கழற்றிவிட்டு, உச்சக் கியரிற் போட்டு, கைப் பிறேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்து, விசிறியின் அருகிற் கைவைக்காமல் நிற்கவேண்டும்.

இனிக் காதைக் கொடுங்கள். காபரேற்றரில் இரைச்சல் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு. புகைக்குழாயிற் கேட்டால் புகை வால்வு. ஒயில் ஊற்றும் வாயிற் பலமாகக் கேட்டால் றிங்கு. அங்கே சிறிதளவு இரைவது நல்ல எஞ்சினிலும் உண்டு. றேடியேற்றர்த் தண்ணீரிற் குமிழி எழுந்தாலோ, அடுத்த பிளக்குத் துளையிற் காற்று வந்தாலோ, கஸ்கெற். காற்றுப் பொய் சொல்வதில்லை. தான் போகும் வழியைத் தானே கூறிவிடும்.

தீர்மானம் எடுத்தல்

இவ்வளவும் செய்தபின் கராஜுக்குப் போகும் ஒருவர் வேறு மனிதராகப் போகின்றார். “எஞ்சின் இழுக்கவில்லை” என்று சொல்லி நிற்பதற்குப் பதிலாக, “மூன்றாம் சிலிண்டர் 80, ஒயில் விட்டபின் 85, புகைக்குழாயில் இரைகின்றது” என்று எழுதிய தாளை நீட்டலாம். நல்ல மெக்கானிக் அதனைக் கண்டு மகிழ்வார். அவருடைய நேரமும் மிச்சம். அந்தத் தாளைப் பாராமலே எஞ்சினை இறக்கவேண்டும் என்று கூறுபவரிடம், எதனாலென்று பணிவாகக் கேட்கலாம். விடை கிடையாவிட்டால், வேறொருவரிடமும் காட்டிய பிறகு முடிவுசெய்வது தவறாகாது.

செலவின் ஏணியிற் கீழ்ப்படியிலிருந்தே ஏறவேண்டும். வால்வு இடைவெளியைத் திருத்துவதற்குச் செலவில்லை. கஸ்கெற் மாற்றத் தலையைக் கழற்றினாற் போதும். அதே வேளையில் தலை வளைந்திருக்கின்றதா என்பதையும் பார்ப்பித்துக்கொள்ளவேண்டும். வால்வுகளை அரைத்துப் படியச் செய்வதும் அவ்வளவில் முடிந்துவிடும். இருக்கைகள் அரிபட்டிருந்தால், கடினமான உலோக வளையங்களைப் பதிப்பிக்கலாம். ஈயமில்லாப் பெற்றோலின் தொல்லையும் அத்துடன் தீரும். றிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருந்தால் மட்டுமே எஞ்சினை இறக்கும் பேச்சு எழவேண்டும்.

அங்கும் அவசரம் வேண்டியதில்லை. நான்கு எண்களும் ஒத்து 100 அளவில் இருந்து, நீலப் புகை தள்ளாமல், ஒயில் மிகுதியாகக் குடியாமல், சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருவதற்குப் போதிய வலுவோடு ஓடும் கார், பணம் சேரும்வரை இன்னும் சில காலம் ஓடலாம். ஆனால் ஒரு சிலிண்டரில் வால்வு கருகியிருப்பதை அறிந்தும் ஓட்டுவது தகாது. நாளடைவில் வால்வின் துண்டு உடைந்து பிஸ்டனின்மேல் விழுந்தால், சிறு செலவு பெருஞ் செலவாகும். கஸ்கெற் பிளந்த காரையும் ஓட்டலாகாது; தண்ணீர் ஒயிலோடு கலந்தால் அச்சுகளும் கெடும்.

தேய்ந்த றிங்குகளுடைய எஞ்சினுக்குத் தலையை மட்டும் புதுப்பித்தால், மேலே அமுக்கம் கூடியதும் கீழேயுள்ள தேய்வு முன்னிலும் தெளிவாக வெளிப்பட்டு ஒயில் எரியத் தொடங்கக்கூடும். ஒயிற் சோதனையை முதலிலேயே செய்துகொண்டவர் இதனை எதிர்பார்த்திருப்பார், ஏமாறமாட்டார்.

ஒரு சிறு குறிப்புப் புத்தகம்

இறுதியாக ஒரு வேண்டுகோள். காரின் பெட்டியில் ஒரு சிறு கொப்பி வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அதே மானியால், அதே முறையில் நான்கு எண்களையும் எடுத்துத் திகதியுடன் எழுதிவையுங்கள். வீட்டில் கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளை ஒன்று இருந்தால் அப்பணியை அதனிடம் ஒப்படைக்கலாம். மானியின் முள் ஏறுவதைப் பார்ப்பதிற் பிள்ளைகளுக்கு உள்ள குதூகலம் பெரிது. சென்ற ஆண்டு 140, இவ்வாண்டு 138 என்றால் நிம்மதி. 140 இருந்தது 115 ஆகியிருந்தால், ஏற்றத்தில் கார் நின்று குடும்பத்தை நடுவீதியில் இறக்கிவிடுமுன்னரே உங்களுக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது. காரை விற்க நேர்ந்தாலும், வாங்குபவர் அந்தக் கொப்பியைக் கண்டு கூடுதல் விலை தரத் தயங்கமாட்டார்.

அடுத்த வாரம், வெப்பநாட்களில் றேடியேற்றர் கொதிப்பதற்கான காரணங்களை ஆராய்வோம். அதற்கிடையில், இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓய்வு கிடைத்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியையேனும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.